இரு நகரங்களுக்கு இடையே வான்வழித் தூரமும் விமானப் பயண நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. பயண நேரமோ போகும் திசை, மாதம், விமான வகை, அன்றைய காற்று என்று எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் விடையை நம்பித் திட்டம் போடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். கணக்கு எங்கே சரியாக வரும், எங்கே பிசகும் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறோம்.

வான்வழித் தூரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

பூமியின் மேற்பரப்பை ஒட்டியபடி இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளத்தைத்தான். ஓர் உருண்டையின் மேல் இரு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ அதுதான் அந்த வழி. அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சாலை வளைவுகள், மலைகள், கடல்கள் எதுவும் இந்தக் கணக்கில் வராது. விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது என்பதும் பொருட்டல்ல. 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் பாதை 0.2 சதவீதத்துக்கும் குறைவாகவே நீள்கிறது.

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் குறைந்த தூரம் கிடைக்காதா? விமானங்கள் ஏன் வளைந்து போகின்றன?

வளைவது வரைபடம்தான், பாதை அல்ல. சுவரில் மாட்டும் உலக வரைபடங்கள் உருண்டையைத் தட்டையாக விரித்தவை. துருவங்களை நெருங்க நெருங்க அவற்றில் நிலப்பரப்பு கிழக்கு மேற்காக இழுபட்டுப் பெரிதாகிவிடும்.

பெய்ஜிங்கும் நியூயார்க்கும் நல்ல உதாரணம். இரண்டுமே ஏறக்குறைய 40 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பசிபிக் கடலைத் தாண்டிக் கிடைமட்டமாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியே பறந்தால் சுமார் 14,400 கி.மீ. வரும். பெருவட்டப் பாதை வட துருவத்துக்கு மிக அருகே செல்கிறது, அதன் நீளம் சுமார் 11,000 கி.மீ. மட்டுமே. வரைபடத்தில் நேராகத் தெரியும் வழி 3,400 கி.மீ. கூடுதல்! நிலநடுக்கோட்டிலோ நேர் வடக்கு தெற்காகவோ போகும் பாதைகளில் மட்டும்தான் வரைபடக் கோடும் பெருவட்டமும் ஒன்றாக அமையும்.

தூரத்தை நானே கணக்கிட முடியுமா?

முடியும். சைன், கொசைன் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் போதும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை போட்டுப் பார்ப்போம்.

1. இரண்டின் அட்ச, தீர்க்க ரேகைகளைத் தசம டிகிரியில் எடுங்கள். ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.46. ஜேஎஃப்கே: வடக்கு 40.64, மேற்கு 73.78. மேற்கும் தெற்கும் கழித்தல் குறி பெறும்.
2. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.7823 × 0.6513 = 0.5095.
3. இரு அட்சரேகைகளின் கொசைன்களைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 73.32 டிகிரியின் கொசைனாலும் பெருக்குங்கள்: 0.6229 × 0.7588 × 0.2871 = 0.1357.
4. இரண்டையும் கூட்டினால் 0.6452. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று பாருங்கள்: 49.82 டிகிரி.
5. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் ஒரு டிகிரிக்கு 111.19 கி.மீ. 49.82 × 111.19 = சுமார் 5,540 கி.மீ.

சில கிலோமீட்டரே இடைவெளி உள்ள இடங்களுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம். கொசைன் 1-ஐ ஒட்டி வந்துவிடுவதால், நான்கு தசம இடங்களில் தூரமே கரைந்துபோகும். அங்கே ஹாவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்.

கணக்குப் போட்டேன், விடை தவறாக வருகிறது. எங்கே பிழை?

பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில்தான்.

கணினி அட்டவணைச் செயலிகள் கோணத்தை டிகிரியில் அல்லாமல், ரேடியன் என்ற வேறோர் அலகில் எதிர்பார்க்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் விடை அபத்தமாக வரும், ஆகவே இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போடுவது அடுத்தது. மூன்றாவது, டிகிரி, நிமிடம் என்று எழுதிய வடிவத்தைத் தசமமாக நினைத்துவிடுவது. 51 டிகிரி 28 நிமிடம் என்பது 51.28 அல்ல, 28-ஐ 60-ஆல் வகுத்து 51.47. இந்தப் பிழையால் ஓர் இடம் 20 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும்.

நான்காவதான கழித்தல் குறிப் பிழைதான் ஆபத்தானது. மேலே உள்ள கணக்கில் ஜேஎஃப்கேயின் மேற்கு 73.78-க்குக் கழித்தல் குறி போட மறந்தால், அந்தப் புள்ளி மத்திய ஆசியாவில் கிர்கிஸ்தானில் போய் விழும். ஆனால் விடை சுமார் 5,600 கி.மீ. என்று வரும்! ஹீத்ரோ பூஜ்ய தீர்க்கரேகையை ஒட்டி இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணை மட்டும் பார்த்தால் சந்தேகமே வராது. எனவே கணக்கிட்ட புள்ளிகளை ஒருமுறை வரைபடத்தில் குறித்துப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வோர் இணையதளமும் ஒவ்வொரு தூரம் காட்டுகிறதே?

ஒன்று நகர மையத்திலிருந்து அளந்திருக்கும், மற்றொன்று விமான நிலையத்திலிருந்து. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஹனேடாவோ நகருக்குள்ளேயே இருக்கிறது. லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களுக்குப் பல விமான நிலையங்கள் உண்டு. நகரப் பெயரை நம்பாமல் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். சிட்னி ஆஸ்திரேலியாவிலும் உண்டு, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் உண்டு. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் அமெரிக்காவின் அலபாமாவிலும் இருக்கிறது.

மற்றொரு காரணம் பூமியின் வடிவம். பூமி துல்லியமான உருண்டை அல்ல, நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. இந்தத் தட்டையைக் கணக்கில் சேர்த்தால் ஹீத்ரோ–ஜேஎஃப்கே தூரம் 5,540-க்குப் பதில் ஏறக்குறைய 5,555 கி.மீ. ஆகும். இதனால் வரும் வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் புள்ளிகளே வேறு என்று முடிவு செய்யலாம், இல்லாவிட்டால் அலகு வேறு.

மைல், கடல் மைல், நாட் எல்லாம் எதற்கு?

சாதாரண மைல் 1.609 கி.மீ. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கி.மீ. வேகத்துக்கான நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். வெறுமனே மைல் என்று எழுதியிருந்தால் எந்த மைல் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம் இருக்கிறது.

விமானம் உண்மையில் அந்தத் தூரம்தான் பறக்கிறதா?

இல்லை, எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும். புறப்படும்போது ஓடுபாதை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் ஏறித்தான் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் அப்படியே, காற்றை எதிர்கொள்ளும் திசைக்குச் சுற்றி வந்து இறங்கும். நெரிசலான விமான நிலையங்களில் முறை வரும்வரை வானில் வட்டமடிக்க வைப்பார்கள். நடுவில் ராணுவப் பயிற்சிப் பகுதிகளையும் இடிமேகங்களையும் ஒதுக்கிப் போக வேண்டும்.

எவ்வளவு கூடும்? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்கோ தன் கார்பன் உமிழ்வுக் கணக்கில் ஒரு திருத்தம் சேர்க்கிறது: 550 கி.மீ.க்குக் குறைவான பாதைக்கு 50 கி.மீ., 550 முதல் 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. உமிழ்வுக் கணக்குக்கு இது போதும். பயண நேரத்தை மதிப்பிடுவதற்கு 5 சதவீதம் கூட்டிக்கொள்வது பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்து.

சில சமயம் சுற்றுவழியே வேகமான வழியாகவும் இருக்கும். வட அட்லாண்டிக்கில் அன்றன்றைய காற்றைப் பார்த்துத் தடங்களை வகுக்கிறார்கள். பின்காற்றைப் பிடிக்க 200 கி.மீ. விலகிப் போனாலும் சீக்கிரம் போய்ச் சேரலாம், எரிபொருளும் மிஞ்சும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரத்தில் என்னென்ன அடங்கும்?

விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நொடியிலிருந்து, சேருமிடத்தில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நொடி வரை உள்ள நேரம் அது. விமானத் துறையில் இதை பிளாக் நேரம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாமே இதில் சேரும். இரு முனைகளையும் சேர்த்தால் 20 நிமிடமும் ஆகலாம், பெரிய விமான நிலையங்களில் 50 நிமிடமும் ஆகலாம். பறக்கும் நேரம் என்பது சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து திரும்பத் தொடும் வரை மட்டும். விமானி ஒலிபெருக்கியில் அறிவிக்கும் நேரம் பெரும்பாலும் இதுதான். டிக்கெட்டில் இருப்பதைவிட அது குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இவை தவிர, சிறு தாமதங்களைச் சமாளிக்க நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூட்டி வைப்பதும் வழக்கம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்குப்படி, 15 நிமிடத்துக்குள் தாமதமாக வந்து சேரும் விமானம் நேரத்துக்கு வந்ததாகவே பதிவாகும். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதும் இந்தக் கூட்டலால்தான்.

பயண நேரத்தைச் சட்டென்று மதிப்பிட ஒரு வழி சொல்லுங்கள்.

பெருவட்டத் தூரத்தை 1.05-ஆல் பெருக்குங்கள். ஒற்றை நடைபாதை உள்ள ஏ320, போயிங் 737 போன்ற விமானமாக இருந்தால் 850-ஆல் வகுங்கள். இரட்டை நடைபாதை உள்ள பெரிய விமானமாக இருந்தால் 900-ஆல் வகுங்கள். வரும் மணிக்கணக்கோடு 40 நிமிடம் கூட்டுங்கள், ஹீத்ரோ போன்ற நெரிசலான இடமானால் 60 நிமிடம்.

சிங்கப்பூர்–கோலாலம்பூர் சுமார் 300 கி.மீ. 315-ஐ 850-ஆல் வகுத்தால் 22 நிமிடம், கூட்டினால் 1 மணி 2 நிமிடம். அட்டவணையிலும் ஒரு மணியை ஒட்டித்தான் இருக்கும். ஹீத்ரோ–ஜேஎஃப்கே: 5,817-ஐ 900-ஆல் வகுத்தால் 6 மணி 28 நிமிடம், 60 நிமிடம் கூட்டினால் 7 மணி 28 நிமிடம். அட்டவணையில் மேற்கே போக ஏறக்குறைய 8 மணி, கிழக்கே வர ஏறக்குறைய 7 மணி என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே நம் விடை விழுகிறது.

850, 900 என்ற எண்கள் சும்மா வந்தவை அல்ல. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ. போயிங் 787, ஏ350 போன்றவை அதில் 0.85 பங்கு வேகத்தில், அதாவது சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. ஏ320 வகை 0.78 பங்கு, சுமார் 830 கி.மீ. அதற்கு 850 என்று எடுத்தது மனக்கணக்குக்கு எளிது என்பதற்காக, 40 நிமிடக் கூட்டல் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். ஏடிஆர் போன்ற, புரொப்பல்லர் சுழன்று பறக்கும் டர்போபிராப் விமானங்கள் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் பறக்கும், அவற்றுக்கு 850-க்குப் பதில் 480 போடுங்கள்.

தூரம் மூன்றில் ஒரு பங்குதான், நேரம் மட்டும் ஏன் மூன்றில் ஒரு பங்காகக் குறையவில்லை?

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் தூரத்தோடு சேர்ந்து குறையாது. 11 கி.மீ. உயரம் ஏற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்குவதை ஏறக்குறைய 200 கி.மீ. முன்பே தொடங்கிவிடுவார்கள். 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.தான் உச்சவரம்பு என்பது பல நாடுகளின் விதி. 300 கி.மீ. பாதையில் விமானம் முழு வேகத்தைத் தொடுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

போகும்போது 8 மணி, வரும்போது 7 மணி. பூமி சுழல்வதாலா?

நேரடியாக அல்ல. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. பூமி கீழே சுழன்று ஊரைக் கொண்டுவந்து கொடுக்காது.

வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் காற்றோட்டம். மித வெப்ப மண்டலங்களில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்று அது. மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் வீசுவது சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதைகளில் இதன் தாக்கம் குறைவு. வடக்கு தெற்கான பாதைகளில் காற்று பக்கவாட்டில் வீசுவதால் போக, வர நேர வித்தியாசம் பெரிதாக இருக்காது.

2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்து வந்தது. தரையை ஒப்பிட்டால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். ஆனாலும் அது ஒலியை மிஞ்சவில்லை, தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. உண்மையிலேயே ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டு 1996-ல் இதே பாதையை 2 மணி 53 நிமிடத்தில் கடந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாமே?

முழுமையாக முடியாது. 5,540 கி.மீ. பாதை, 900 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று என்று வையுங்கள். எதிர்காற்றில் 800 கி.மீ. வேகம்: 6 மணி 56 நிமிடம். பின்காற்றில் 1,000 கி.மீ. வேகம்: 5 மணி 32 நிமிடம். மொத்தம் 12 மணி 28 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 19 நிமிடம்தான். எதிர்காற்றில் அதிக நேரம் பறக்க நேர்வதால் இழப்புதான் மிஞ்சும்.

குறுகிய வழி இருந்தும் விமானங்கள் சுற்றிப் போவது ஏன்?

வான்வெளி மூடப்பட்டிருப்பது முதல் காரணம். ஹெல்சிங்கி–டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. சைபீரியாவுக்கு மேலே பறந்த காலத்தில் ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாகி ஏறக்குறைய 13 மணி ஆயிற்று. நகரங்கள் நகரவில்லை, தூரம் காட்டும் இணையதளங்கள் இன்றும் அதே 7,800-ஐத்தான் காட்டும். இத்தகைய பாதைகளில் சூத்திரத்தை விட்டுவிட்டு நடப்பு அட்டவணையைப் பாருங்கள்.

இரண்டாவது, இரட்டை எஞ்சின் விமானங்கள் ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும் தொலைவில் பறக்க வேண்டும் என்ற விதி. 180 நிமிட அனுமதி பரவலாக உண்டு, போயிங் 787-க்கு 330 நிமிடம் வரை, ஏ350-க்கு 370 நிமிடம் வரை சான்று கிடைத்திருக்கிறது. தென் பெருங்கடல்களில் இந்த விதிதான் பாதையைத் தீர்மானிக்கும். மூன்றாவது, திபெத் பீடபூமி. விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம்.

புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் தெரியும். உண்மையான பயண நேரம் எவ்வளவு?

டிக்கெட்டில் உள்ள இரண்டும் அந்தந்த ஊர் நேரங்கள். இரண்டையும் முதலில் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். லண்டனில் காலை 10:00, நியூயார்க்கில் பகல் 1:00 என்றால் கடிகாரத்தில் 3 மணிதான் தெரியும். நியூயார்க் 5 மணி பின்தங்கியிருப்பதால் பயணம் 8 மணி.

இதில் ஒரு பொறி உண்டு. அமெரிக்கா கோடைக்கால நேரத்துக்கு மார்ச் இரண்டாவது ஞாயிறன்று மாறுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. திரும்புவது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் லண்டன்–நியூயார்க் வித்தியாசம் 4 மணிதான். இந்தியாவின் ஐந்தரை மணி, நேபாளத்தின் ஐந்தே முக்கால் மணி போன்ற வித்தியாசங்களையும் முழு எண்ணாக்கிவிடாதீர்கள்.

தேதிக்கோட்டைத் தாண்டினால் புறப்பட்ட நேரத்துக்கு முன்பே சேர்ந்ததாகத் தெரியும். டோக்கியோவில் ஞாயிறு இரவு 9:00 மணிக்குக் கிளம்பி 7 மணி நேரம் பறந்தால், ஹொனலூலுவில் அதே ஞாயிறு காலை 9:00.

மிக நீண்ட பாதையும் மிகக் குறுகிய பாதையும் எவை?

சிங்கப்பூர்–ஜேஎஃப்கே சுமார் 15,350 கி.மீ., இடையில் எங்கும் நிற்காமல் 18 மணி நேரத்துக்கு மேல். மறுமுனையில் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே, வெறும் 2.7 கி.மீ. அட்டவணையில் 2 நிமிடம், பின்காற்று வாய்த்தால் ஒரு நிமிடத்துக்குள்ளும் முடிந்திருக்கிறது.

நேரடி விமானம் என்று போட்டிருந்தது, நடுவில் ஓர் ஊரில் இறங்குகிறதே?

ஒரே விமான எண்ணில் போனால் நடுவில் நின்றாலும் நேரடி என்று விற்பார்கள். முன்பதிவு செய்யும்போது நிறுத்தங்கள் பூஜ்யம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தம் இருந்தால் இரு கட்டங்களையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுங்கள். ஏறி இறங்கும் 40 நிமிடம் இரண்டு முறை சேரும், தரையில் நிற்கும் நேரம் தனி.

தாமத இழப்பீட்டுக்கு எந்தத் தூரத்தைக் கணக்கில் எடுப்பார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ம் ஆண்டு 261-ம் எண் விதிப்படி பெருவட்டத் தூரம்தான், பறந்த தூரம் அல்ல. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. அதற்கு மேல் 3,500 வரையும், ஒன்றியத்துக்குள்ளேயே 1,500-ஐத் தாண்டும் எல்லாப் பயணங்களுக்கும் 400 யூரோ. மற்ற நெடும்பயணங்களுக்கு 600 யூரோ. மோசமான வானிலை போன்ற நிறுவனத்தின் கையை மீறிய காரணமானால் இழப்பீடு இல்லை. ஒரே முன்பதிவில் மாறிப் போனால், முதலில் ஏறிய இடத்துக்கும் கடைசியில் சேரும் இடத்துக்கும் இடையே உள்ள பெருவட்டத் தூரமே செல்லும், கட்டங்களின் கூட்டல் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. உங்கள் பாதை 1,500 அல்லது 3,500-ஐ ஒட்டி இருந்தால் நகர மையத்தை விட்டு விமான நிலையப் புள்ளிகளை வைத்துக் கணக்கிடுங்கள். சில கிலோமீட்டரில் தொகையே மாறிவிடும்.